மூணு அடுக்கு, ஒன்பது தார்க்குச்சி

போன வாரம் ஒரு பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். வடித்த கஞ்சியின் வாசம் முழங்கை வரை ஏறியிருந்த நேரம், பக்கத்து வீட்டு அடுக்களையில் யாரோ வெனிலா எசென்ஸ் புட்டியைத் திறந்தார்கள். சுவரேறிக் குதித்து வந்தது அது. கஞ்சியும் வெனிலாவும் என் மூக்குக்கு நேரே முட்டிக்கொண்டன.

இந்த இரண்டு வாசமும் சேர்ந்தால் உலகத்தில் வேறு யாருக்கும் எதுவும் ஆகாது. எனக்குக் கை வேர்த்துவிட்டது. சேலையைப் பக்கெட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். எதிரே, வெள்ளை வெளேரென்று, மூன்றடுக்குக் கேக் ஒன்று லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு அறை. கரும்பலகையில் முந்தின நாள் கணக்கு அழியாமல் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடக்கிறது. அதற்கு அப்பால் சீமைக் கருவேலம், அதற்கு அப்பாலும் சீமைக் கருவேலம். அடுத்த கட்டடம் சர்ச். அங்கே என் சிநேகிதி ஜெபசீலிக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. இங்கே அவள் செய்த கேக்கோடு நான் தனியாக நிற்கிறேன்.

மூன்று வட்டங்கள் மூன்று அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும். செய்தவள் மணக்கோலத்தில் இருப்பதால் அடுக்கும் வேலை எனக்கு. நானோ நெசவுக்காரி. அதுவரை என் வாழ்நாளில் அடுக்கியது குடமும் சேலையும்தான்.

"நாலு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு பிரசங்கம். அதுக்குள்ள முடிச்சிரு ரேணு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

முதல் பாட்டு தொடங்கிவிட்டது.

முன்ரூம்

ஜெபா எனக்குப் பக்கத்துத் தெரு. அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறி. வீட்டுக்குள் கன்னடம், வாசற்படி தாண்டினால் தமிழ். அவள் தெருவில் கொத்தனார் வீடுகள் நாலைந்து. அதில் ஒன்று அவள் அப்பா ஞானமுத்து மாமாவுடையது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் நான் தறிக்குழிக்கும் தபால் வழிப் படிப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். அவள் மதுரையில் அத்தை வீட்டில் ஆறு மாதம் தங்கி, கேக் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினாள்.

மாமா கொல்லையில் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அவளுக்கு ஓர் அடுப்பு கட்டிக் கொடுத்தார். ஊரிலேயே ரசமட்டம் வைத்துக் கட்டிய ஒரே கேக் அடுப்பு அதுவாகத்தான் இருக்கும். ரசமட்டம் என்றால், உள்ளே ஒரு காற்றுக் குமிழி ஓடுமே, அந்த மட்டப்பலகை. மாமா அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே காப்பி குடிப்பார்.

அடுப்பு வந்தது; கேக் வாங்க ஆள் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது கேக் வைத்துப் பிறந்தநாள் கொண்டாடியவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். ஆனாலும் ஜெபா சுட்டுக்கொண்டே இருந்தாள். கோணியது, கருகியது, நடுவில் குழி விழுந்தது எல்லாம் கொல்லைச் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தன. அம்மா தறியில் உட்கார்ந்தபடியே தின்றுவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் பஞ்சு மாதிரி வந்திருக்கு" என்று நெசவுக்காரச் சான்றிதழ் கொடுப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் தூத்துக்குடியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பால்ராஜ், லாரி சாமான் கடையில் வேலை. நல்லவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. பேசுகிற வேலையை முழுக்க அம்மாவிடம் கொடுத்துவிட்டவர் என்பதும் தெரிந்தது.

அந்த அம்மா, எஸ்தர் அத்தை, வந்து உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஜெபா கட்டியிருந்தது எங்கள் தறியில் நெய்த சேலை. அதன் முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

"எம்பதாம் நம்பர் நூல்லா இது?"

எனக்கு வாய் பிளந்துவிட்டது. நூலின் பருமனுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக்கூட நூல் சன்னமாகும். தொட்டுப் பார்த்து நம்பர் சொல்ல எங்கள் தெருவிலேயே நாலு பேர்தான் உண்டு.

"எப்பிடி அத்தை கண்டுபிடிச்சீக?"

"மில்லுல பதினெட்டு வருசம் நூல் கோன் சுத்தின கை, பிள்ள. பொய் சொல்லாது."

பேச்சு எல்லாம் முடிந்து பூ வைக்கும் நேரத்தில் ஜெபா வாயைத் திறந்தாள். தூத்துக்குடி வீட்டில் தெருவைப் பார்த்து ஒரு முன்ரூம் சும்மா கிடக்கிறதாம், கல்யாணத்துக்குப் பிறகு அதில் அடுப்பு வைத்துக் கேக் வியாபாரம் செய்யலாமா என்று கேட்டுவிட்டாள். மாமா இருமினார். சபை பாயைப் பார்த்தது.

எஸ்தர் அத்தை கோபப்படவில்லை. "எங்கூர்ல தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கு. நீ என்னத்தச் செய்யுவ?"

"மூணு அடுக்குக் கேக்கு வரைக்கும் செய்வேன்."

"வாயாலயா, கையாலயா?"

"கையாலதான் அத்தை."

"சரி. ஒங் கல்யாணத்துக்கு மூணு அடுக்கு நீயே செய்யி. வெட்டுற வரைக்கும் சாயாம நின்னா முன்ரூமப் பத்திப் பேசுவோம். சாஞ்சா அடுக்களைய மட்டும் பாரு. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் ஜெபா. அதுவரை அவள் இரண்டு அடுக்குகூடச் செய்ததில்லை.

ஓவர் லோடு

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு கொல்லையில் ஒத்திகை பார்த்தோம். பெரிய வட்டத்தின் மேல் நடு வட்டம், அதன் மேல் சின்ன வட்டம். எசென்ஸ் வாசத்துக்குத் தெருவில் உள்ள எறும்பெல்லாம் உறவு கொண்டாடி வந்துவிட்டது.

முதல் ஒத்திகை ஐந்து நிமிடம் நின்றது. பிறகு கீழ்க் கேக் பெருமூச்சு விட்டு அமுங்க, நடுக் கேக் அதற்குள் புதைந்தது. மேலே இருந்த சின்னது மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனைப் போல எங்களைப் பார்த்தது.

மாமா சுற்றி வந்து பார்த்தார். "என்னம்மா, தூணில்லாமயா மூணு மாடி எழுப்பினே? சாந்து மேல சாந்து நிக்குமா?"

தூண் வைத்தோம். மூங்கிலைச் சீவிக் குச்சியாக்கிக் கீழ்க் கேக்கில் இறக்கினாள் ஜெபா. மேல் கேக்கை அந்தக் குச்சிகளின் மேல் அப்படியே வைத்தாள். அது முள்ளில் உட்கார்ந்தது போல மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது. குச்சிகளின் தலைகள் அதன் வயிற்றுக்குள் போய்விட்டன.

"சும்மாடு இல்லாமக் குடத்தத் தூக்குனா தலை என்னாகும்?" என்றேன் நான். என் பங்குக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டாமா? ஆனால் அதுதான் சரியாக இருந்தது. மேல் கேக்குக்கு அடியில் கெட்டி அட்டை ஒன்று வெட்டிவைத்து, ஜிகினாத் தாள் ஒட்டினோம். இப்போது குச்சி அட்டையைத் தாங்கியது, அட்டை கேக்கைத் தாங்கியது.

மூன்றாவது ஒத்திகையும் சாய்ந்தது. விழவில்லை, சாய்ந்தது. சந்தை நாளில் ஒரு பக்கம் மட்டும் ஆள் தொங்கும் பஸ்ஸைப் போல ஒருச்சாய்ந்து நின்றது.

"ஓவர் லோடு" என்றார் மாமா. ரசமட்டத்தை மேலே வைத்தார். குமிழி ஓடிப்போய் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டது.

ஜெபாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒவ்வொரு குச்சியவும் கேக்கு ஒசரத்துக்குச் சரியா அளந்துதான் நறுக்கினேன் ரேணு. ஒரு நூல்கூடப் பெசகல."

அவள் நறுக்கிய விதத்தை அப்போதுதான் கவனித்தேன். கேக் உப்பியிருந்த இடத்தில் நீளக் குச்சி. இறங்கியிருந்த இடத்தில் குட்டைக் குச்சி. அந்தந்த இடத்துக்கு அந்தந்த அளவு. நியாயம்தானே? ஆனால் மேலே உட்காருகிற அட்டைக்கு அந்த நியாயம் தெரியாது. அதற்கு எல்லாக் கால்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

"நீ கேக்குக்குக் குச்சிய அளக்கிறே. ஒரே அளவுல குச்சி எடுத்துக்கிட்டு, கேக்க அதுக்கு அளக்கணும்டி" என்றேன்.

"ஒரே அளவுல குச்சிக்கு எங்க போறது?"

நான் எழுந்தேன். வீட்டுக்கு ஓடினேன்.

தறியில் குறுக்கே போகிற ஊடை நூலைச் சுற்றி, அதைச் சுமந்து ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிக்குத் தார்க்குச்சி என்று பெயர். ஒன்றுக்கொன்று மயிரிழை நீளம் கூடினாலும் நாடாவுக்குள் உட்காராது. எங்கள் வீட்டுக் கூடையில் எப்போதும் அவை குவிந்து கிடக்கும். மூங்கிலில் சீவி, வருடக்கணக்காகக் கைபட்டு வழவழத்தவை. ஒன்பதை அள்ளிக்கொண்டு வந்தேன். மாமா தரையில் நிற்கவைத்து, மேலே ரசமட்டத்தைப் போட்டார். குமிழி நட்டநடுவில் வந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"எவன்லே இத அறுத்தவன்? அவனக் கூப்புடு, சாரத்துக்கு வச்சுக்கிடுவோம்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு கேக் தார்க்குச்சிக்குக் கட்டுப்பட்டது. உப்பிய தலையை, இரண்டு கையிலும் நூலைப் பிடித்து இழுத்துச் சீவினோம். கத்தியைவிட நூல் சுத்தமாக வெட்டும். கீழடுக்கில் ஐந்து குச்சி, நடுவடுக்கில் நாலு. நான்காவது ஒத்திகை சாயங்காலம் வரை நின்றது. நாங்கள் வெட்டித் தின்றதால்தான் முடிந்தது.

வெறுங்குச்சி

அம்மாவிடம் கேட்காமல் எடுத்ததற்குத் தனியாகப் பூசை நடந்தது. வீட்டில் எத்தனை சம்படம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எத்தனை தார்க்குச்சி என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"ஒன்பது குச்சியும் திரும்பி வரணும்" என்றாள் கன்னடத்தில். தமிழில் சொன்னால் கோபம் குறைவாகத் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், அந்த ஒன்பதையும் கொதிநீரில் போட்டெடுத்து மாடியில் வெயிலில் காயவைத்தேன். வெள்ளைத்துணியில் முடிந்து வைத்துவிட்டுப் படுத்தேன். கல்யாணம் மாமாவின் பூர்வீக ஊர்ச் சர்ச்சில். விடியற்காலை வேனில் ஏறும்போது அம்மா அந்த முடிச்சை என் மடியில் வைத்தாள். எடை லேசாகக் கூடியிருந்தது போல் பட்டது. அவசரத்தில் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

வேனில் பெரிய வட்டம் என் மடியில். நடு வட்டம் மாமாவின் மடியில். சின்னதை, நலங்கு மஞ்சள் போகாத கையால் கல்யாணப் பெண்ணே பிடித்துக்கொண்டாள். ஒரு பள்ளம் வரும். மூன்று பேரும் கேக்கோடு சேர்ந்து எழும்பி, கேக்கோடு சேர்ந்து இறங்குவோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பச்சப்புள்ளைகளாண்ணே?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, மூணும் தலைச்சன்" என்றார் மாமா.

வெயில் வேனுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. காலை எட்டு மணிக்கே தகரம் தொட்டால் சுட்டது. என் மடியில் இருந்த பெட்டிக்குள் ஏதோ மெதுவாகத் தளர்ந்துகொண்டிருப்பதை என் தொடை அறிந்தது. சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணிடம் எதைச் சொல்வது?

நாலு பாட்டு, ஒரு பிரசங்கம்

இப்போது அந்த ஐந்தாம் வகுப்பு அறைக்குத் திரும்புகிறேன்.

மாமா சர்ச்சுக்குப் போகும் முன்பு மேசையை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். தரை மண்தரை, ஒரு கால் கீழே போனது. ஓட்டுச் சில்லை அடியில் செருகி, ரசமட்டம் வைத்து, குமிழி நடுவுக்கு வந்ததும், "இனி இந்த மேசைய ஆண்டவரே வந்தாலும் அசைக்கப்படாது" என்று எனக்கு உத்தரவு போட்டு, ரசமட்டத்தையும் என்னிடமே விட்டுவிட்டு, மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க ஓடினார்.

முதல் பாட்டில் பெட்டிகளைத் திறந்தேன். வெனிலா அலையாக எழுந்தது. வெண்ணெய்ப் பூச்சு வேர்த்திருந்தது. ஆனால் வட்டம் வட்டமாகத்தான் இருந்தது.

இரண்டாம் பாட்டில் துணிமுடிச்சை அவிழ்த்தேன்.

ஒன்பது குச்சியிலும் நூல். வெள்ளை நூல், நெடுக்கு இழையான பாவில் மிஞ்சியது, கஞ்சி ஏறி விறைத்தது, ஒவ்வொன்றிலும் ஒரு விரல்கடை அகலத்துக்குச் சுற்றப்பட்டிருந்தது. நான் தூங்கிய பிறகு அம்மா ராட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாண வீட்டுக்கு வெறுங்குச்சி போகக் கூடாது என்பது அவள் சட்டம். பக்கத்து வீட்டுத் தூக்குவாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டாளே, அதே சட்டம்.

"அம்மா!" என்று அந்த அறையில் யாருமில்லாமல் ஒருமுறை கத்தினேன். சர்ச்சில் ஆமென் என்றார்கள்.

ஒவ்வொரு குச்சியாக நூலை உருவி மடியில் செருகிக்கொண்டேன். காப்பி போடுகிறவர்களிடம் கொதிநீர் வாங்கிக் குச்சிகளை அலசினேன். நடுக் கேக்கின் அட்டை அளவுக்குக் கீழ்க் கேக்கில் லேசாக ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்கு உள்ளே நாலு, நடுவில் ஒன்று என்று நேராக இறக்கினேன். குச்சி கேக்கின் அடிப்பலகையைத் தொட்டு நின்றது.

நின்ற பிறகு பார்த்தால், ஐந்து குச்சியின் தலையும் கேக்குக்கு மேலே அரை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது.

குச்சி வளரவில்லை, கேக் குறைந்திருக்கிறது. வெயிலிலும் குலுக்கலிலும் அமுங்கி உட்கார்ந்துவிட்டது. வீட்டில் நூல் பிடித்துச் சீவிய மட்டம் இங்கே இல்லை.

நறுக்கலாமா? என்னிடம் இருந்தது கேக் வெட்டும் கத்தி ஒன்று. ஒன்றை நறுக்கினால் ஒன்பதையும் ஒரே அளவில் நறுக்க வேண்டும். அந்தக் கத்தியால், அந்தக் கையால், பழைய பஸ் கதைதான் வரும். போதாக்குறைக்கு அம்மாவின் குச்சி.

மூன்றாம் பாட்டு முடிந்தது. ஜெபம்.

நறுக்கவில்லை. நடுக் கேக்கை அட்டையோடு எடுத்து அந்த ஐந்து தலைகளின் மேல் வைத்தேன். கையை எடுக்க மனமில்லை. ஒரு விரலாக எடுத்தேன். நின்றது. அதில் நாலு குச்சி. அங்கேயும் அதே அரை விரல். சின்னதை வைத்தேன். நின்றது. ரசமட்டம் வைத்தேன். குமிழி நட்டநடுவில்.

எட்டிப்போய்ப் பார்த்தேன். கேக்குக்குக் கால் முளைத்திருந்தது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஓர் இடுக்கு, இடுக்கில் வெளிச்சம், வெளிச்சத்தில் மூங்கில் கால்கள். எஸ்தர் அத்தை பார்த்தால் கேக் என்று சொல்லமாட்டார், பரண் என்பார்.

இடுக்கை அடைக்க வெண்ணெய்ப் பூச்சு ஒரு கூம்பு நிறையக் கொடுத்துவிட்டிருந்தாள் ஜெபா. பிதுக்கினேன். சட்டினியாக ஒழுகியது. துடைத்தேன்.

பிரசங்கம் தொடங்கிவிட்டது. நல்ல வேளை, எங்கள் பக்கத்துப் பிரசங்கங்கள் நீளமானவை.

கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, மடியில் செருகியிருந்த நூலை விரல்கள் தாமாகவே நீவிக்கொண்டிருந்தன. நெசவுக்காரி பதறினால் அப்படித்தான். குனிந்து பார்த்தேன். வெள்ளை நூல், கஞ்சி விறைப்பு. வெயில் பட்டுச் சர்க்கரைபோல மினுங்கியது.

அதன் பிறகு நான் யோசித்ததாக ஞாபகமில்லை. இடுக்கைச் சுற்றி நூலை ஓட்டினேன். தார் சுற்றும் கணக்கில், மேலும் கீழும் ஏற்றி இறக்கி, இடைவெளி இல்லாமல். கீழ் இடுக்கு மறைந்தது, மேல் இடுக்கு மறைந்தது. மிச்ச நூலைச் சின்னச் சின்ன வளையமாக்கித் தொங்கவிட்டேன். எட்டி நின்று பார்த்தால் பாகைக் கம்பி கம்பியாக இழுத்துச் சுற்றியது போலவே இருந்தது.

கேக்கில் நூல் சுற்றிய முட்டாள்தனத்துக்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை. அழகாக இருந்தது.

நூல் பதம்

பந்தலுக்குள் எட்டுப் பேர் சேர்ந்து மேசையோடு தூக்கி வந்தார்கள். ஆண்டவர் அசைக்கக் கூடாத மேசையை மாப்பிள்ளையின் சித்தப்பாமார் அசைத்துவிட்டார்கள். கேக் ஆடியது. என் உயிரும் அதே கணக்கில் ஆடியது. மாமா ஓட்டுச் சில்லும் ரசமட்டமுமாகப் பின்னாலேயே ஓடிவந்து மண்டியிட்டார். ஆட்டம் நின்றது. சாயவில்லை.

ஜெபா மாலையோடு வந்து பார்த்தாள். நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏலே, என்னடி இது?" உதடு அசையாமல் கேட்டாள்.

"ஒங்கேக்கு குட்டையாப் போச்சு. பாவாடை கட்டிவிட்டேன்."

"திங்கிற சாமான்லடி!"

"சிரி. போட்டோ எடுக்கிறாக."

அவள் சிரித்தாள். அந்தப் போட்டோவில் அவள் கண்கள் வெளியே விழப்போவது போல இருக்கும்.

எஸ்தர் அத்தை வந்தார். மெதுவாக மேசையைச் சுற்றினார். தரையைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார். கண்ணை ஒருக்களித்துக்கொண்டு உச்சியிலிருந்து அடி வரை பார்த்தார். மட்டத்தில் குறை கிடைக்கவில்லை. பிறகு குனிந்து, தொங்கிய வளையம் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். ஒரு தேய்ப்பு.

பொய் சொல்லாத கை!

என் காதருகே வந்தார். "நூறா?"

நான் தலையாட்டினேன். "நூறு."

"கஞ்சி போட்டது?"

"அரிசிக் கஞ்சிதான் அத்தை. சுத்தம்."

அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் மறுபக்கத்தில் ஒரு கொத்து நூலைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டார். மென்றார். மறுபடி மென்றார். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது.

"பாகு நல்ல பாகுதான் எஸ்தரு. ஆனா கரையமாட்டேங்கே? என்ன பதம் இது?"

ஜெபாவின் முகத்தில் முன்ரூமின் கதவு சாத்திக்கொள்வதைப் பார்த்தேன். மாமா ரசமட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

எஸ்தர் அத்தை நிமிர்ந்தார். "நூல் பதம்லா! அருப்புக்கோட்டைப் பாகு. கண்ணுக்குத்தான், வாயிக்கில்ல. துப்பிருங்க அத்தான், ஒங்களுக்குச் சுகரு இருக்கு."

பெரியப்பா பந்தலுக்கு வெளியே போய் ஒரு முழம் பாகைத் துப்பிவிட்டு வந்தார்.

மாப்பிள்ளையும் பெண்ணும் கத்தியைப் பிடித்தார்கள். போதகர் ஜெபித்தார். உச்சிக் கேக்கில் கத்தி இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைதட்டல் கேட்டுத் திறந்தேன். மூன்று அடுக்கும் அப்படியே நின்றன.

பிறகு கேக்கைத் துண்டு போட அறைக்குள் கொண்டுபோனோம். அத்தையும் கூடவே வந்தார். கதவைச் சாத்தினார். நூலின் நுனியைத் தேடிப் பிடித்து, விரலில் சுற்றிக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்று கழன்றதும் இடுக்கு தெரிந்தது. கால்கள் தெரிந்தன. உட்கார்ந்து, குனிந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே அந்த இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"கேக்குல பாரமே இறங்கலியே" என்றார் தனக்குத்தானே.

"குச்சில இறங்குது அத்தை" என்றாள் ஜெபா. "கேக்கு நான் செஞ்சது. அடுக்கினது இவ. குச்சி இவ அம்மாவோடது. மேசை மட்டம் அப்பா. மறைக்கல, சொல்லிட்டேன்."

"நூலு யாரு?"

நான் அம்மாவின் சட்டத்தைச் சொன்னேன். கல்யாண வீட்டுக்கு வெறுங்குச்சி போகக் கூடாது, அதனால் சுற்றிவிட்டாள், எனக்கே தெரியாது என்றேன். அத்தை கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. மேலடுக்கு இரண்டையும் தூக்கி வைத்துவிட்டு, குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி எண்ணினார்.

"திங்கிற சாமானுக்குள்ள வச்சது எண்ணி வெளிய வரணும். ஒம்பதுதான?"

"ஒன்பது அத்தை."

"ஒம்பது இருக்கு."

முன்ரூமைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. சுற்றிய நூலை என் கையில் கொடுத்துவிட்டு, பந்தி பார்க்கப் போய்விட்டார்.

"என்னடி சொல்றாக?" என்றாள் ஜெபா.

"நம்பர் கேட்டாக. எண்ணிக்கை சொன்னாக. வேற ஒண்ணும் சொல்லல."

பந்தல்குடி வழியாக

மூன்று மணி வெயிலில் தூத்துக்குடி வேன் புறப்பட்டது. பந்தல்குடி போய் மெயின் ரோட்டைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். மாமா சட்டென்று சின்னவராகிவிட்டவர் போல ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். யாரும் அழவில்லை. அழ ஆரம்பித்தால் நிறுத்த மட்டம் ஏது?

ஜெபா ஜன்னலோரம். கழுவித் துடைத்த குச்சிகளை வெள்ளைத்துணியில் முடிந்து என்னிடம் நீட்டினாள். கை பழக்கத்தில் தடவி எண்ணினேன். எட்டு.

"ஏடி, அம்மா கொன்னே போட்ருவாடி. ஒண்ணக் காணோம்."

"ஒண்ண நான் வச்சிருக்கேன். அளவுக்கு வேணும்ல" என்று உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். "அத்தை வேற ஒண்ணும் சொல்லல. முன்ரூமக் குடுத்தாலும் குடுக்கலேன்னாலும் இது எங்கூட இருக்கட்டும். அம்மாட்ட எப்பிடியாவது சொல்லிச் சமாளி ரேணு."

பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அந்தக் குச்சியை எடுத்தது. எஸ்தர் அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக அதை என்னிடம் நீட்டினார். போச்சு, பிடுங்கிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஜெபாவும் அப்படித்தான் நினைத்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரைவர் வண்டியை எடுத்தார். அத்தை கூரைத் தகரத்தில் படபடவென்று தட்டி நிறுத்தினார்.

"அந்த நூல எடுத்து இதுல நாலு சுத்துச் சுத்திக் குடு பிள்ள. முன்ரூமுக்குப் போற குச்சி வெறுங்குச்சியாவா போவும்?"